களப்பணிக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணி மாணவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சமூகப்பணி படிக்கும் எம்.எஸ்.டபிள்யூ., பி.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் வருகிறார்கள். "சமூக சேவை இன்டர்ன்ஷிப்" என்று ஒரு செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டிய கலை, அறிவியல் பிள்ளைகளும் வருகிறார்கள். ஆள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். மணி நேரம், மதிப்பெண், படிவம் இவற்றில் உங்கள் கல்லூரி வேறு மாதிரி சொன்னால் கல்லூரி சொல்வதே செல்லும்.

மேடம், நான் ஏற்கெனவே என்.எஸ்.எஸ்.ல இருக்கேன். அந்த மணி நேரத்தையே இதுக்கும் காட்டிக்கலாமா?

முடியாது. இரண்டும் வேறு கணக்கு. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) 1969-இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, கூடவே கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். முடித்தால் சான்றிதழ். அதற்குக் கணக்கு வைப்பவர் உங்கள் கல்லூரித் திட்ட அலுவலர்.

களப்பணி உங்கள் பாடத்தில் ஒரு பகுதி. இதற்கு மதிப்பெண் உண்டு, ரிப்போர்ட் உண்டு, கடைசியில் வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டு. ஒரே சனிக்கிழமையை இரண்டு நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்போ மொத்தம் எத்தனை மணி நேரம்தான் வரணும்?

கல்லூரிக் கடிதத்தில் என்ன எண் இருக்கிறதோ அதுதான். பட்டப்படிப்பில் கிரெடிட் கணக்கு என்றால், பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரையறைப்படி 15 வாரச் செமஸ்டரில் ஒரு கிரெடிட் களப்பணிக்கு 30 மணி நேரம். இரண்டு கிரெடிட் என்றால் 60. சமூகப்பணி படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் வாரம் இரண்டு நாள், படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு மாதம் போல பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து வேலை.

பஸ்ஸில் வருகிற நேரம் சேராது. சாப்பாட்டு நேரமும் சேராது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம் சேரும். இந்த வேலையில் பாதி காத்திருப்புதான்.

முதல் நாள் என்னென்ன எடுத்துட்டு வரணும்?

துறைத் தலைவர் கையெழுத்தும் சீலும் உள்ள கடிதம், கல்லூரி அடையாள அட்டை, அட்டென்டன்ஸ் படிவம், வீட்டில் ஒருவரின் போன் நம்பர். கடிதத்தில் உங்கள் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி மூன்றும் இருக்க வேண்டும். "எங்கள் மாணவர்கள் சிலர்" என்று மொட்டையாக வருகிற கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். அரசு இல்லங்களுக்குப் போவதாக இருந்தால் அதை நடத்தும் அரசுத் துறையின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். அது வர நாளாகும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அக்கா, சேலைதான் கட்டணுமா? ஜீன்ஸ் போடலாமா?

சேலை கட்டாயமில்லை. சுடிதார், சாதாரணப் பேன்ட் சட்டை போதும். திண்ணையில் உட்கார, தரையில் சம்மணம் போட, வரப்பில் நடக்கத் தோதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜீன்ஸ் பற்றி எனக்குத் தனியாக ஒன்றும் இல்லை. சில கல்லூரிகளுக்கு உண்டு.

உடையைவிடப் பெரிய சிக்கல் தோளில் பை, கழுத்தில் அட்டை, கையில் பேடு. இந்தக் கோலத்தில் இரண்டு பேர் தெருவில் நுழைந்தால் "குழு லோன்காரங்க வந்துட்டாங்க" என்று கதவு சாத்துவார்கள். நுண்கடன் கம்பெனி ஆட்கள் தவணை வாங்க அப்படித்தான் வருகிறார்கள். அட்டையைப் பைக்குள் வைத்திருங்கள், கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். முதல் சில வாரம் எங்கள் ஊழியர் கூட இல்லாமல் எந்தத் தெருவுக்குள்ளும் போக வேண்டாம்.

ஸ்டைபண்ட் உண்டா? பஸ் காசாவது தருவீங்களா?

எங்களிடம் கிடையாது. பெரும்பாலான சின்ன நிறுவனங்களிலும் கிடையாது. நிறுவன வேலையாக உங்களை வேறு ஊருக்கு அனுப்பினால் அந்தப் பஸ் காசு எங்கள் செலவு, டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக் கொடுங்கள். மாணவிகள் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து கட்டணமில்லாமல் வரலாம். மாணவர்கள் கல்லூரி பஸ் பாஸில் எந்த ஊர் வரை எழுதியிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள்.

பதினோரு மணிக்குப் போனோம், தெருவே பூட்டிக் கிடந்துச்சு. சர்வே எப்படி முடிக்கிறது?

பதினோரு மணி உங்கள் காலேஜ் டைம். அந்த நேரத்தில் பெண்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பது பாட்டியும் ஆட்டுக்குட்டியும்தான். காலை ஏழு மணிக்கு முன்பு குழாயடியில் ஆள் கிடைப்பார்கள், ஆனால் அப்போது குடத்தைத் தவிர வேறு எதிலும் கவனம் இருக்காது. எங்கள் ஊர்களில் சரிப்பட்டு வருவது சாயங்காலம் நாலரைக்கு மேல், சோறு வைக்கப் போகும் முன்பு. மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டால் பத்துப் பதினைந்து பேரை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

முளைப்பாரி, ஊர்ப் பொங்கல் வாரங்களில் சர்வே வைக்காதீர்கள். சும்மா போய்த் திருவிழா பாருங்கள், அதுவும் களப்பணிதான். அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்லூரி விடுமுறை என்று வீட்டில் இருக்காமல் ஒரு கூட்டத்துக்காவது வாருங்கள். ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள், எழுந்து பேச வேண்டாம். அது அந்த ஊர் வாக்காளர்களின் சபை.

வீட்டுக்குப் போனா தண்ணி குடுக்கிறாங்க. குடிக்கலாமா? வயித்துக்கு ஒத்துக்குமான்னு பயமா இருக்கு.

குடியுங்கள். யார் வீட்டில் சொம்பை வாங்கிக் குடித்தீர்கள், யார் வீட்டில் "இப்பதாம்மா குடிச்சேன்" என்றீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். காலனியில் ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலத்தெருவில் உட்கார்ந்து மோர் குடித்தால் சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கும் செய்தி போய்விடும். அப்புறம் நீங்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் காலனியில் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

வயிற்றுப் பயம் நியாயமானதுதான். அப்படியென்றால் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். "வரக்காப்பி இருந்தா குடுங்கக்கா" என்றால் கொதித்த தண்ணீர் ஆகிவிடும். டீ என்று கேட்டால் பால் வாங்க ஒரு பிள்ளையைக் கடைக்கு விரட்டுவார்கள், அந்தச் செலவு வேண்டாம். அவர்கள் நீட்டிய சொம்பை ஓரமாக வைத்துவிட்டுப் பையிலிருந்து சொந்தப் பாட்டிலை எடுத்துக் குடிப்பது மட்டும் கூடவே கூடாது.

சுத்தி வளைச்சு "நீங்க எந்த ஆளுங்க"ன்னு கேக்கிறாங்க. என்ன சொல்றது?

கேட்பார்கள். அப்பா பெயர், ஊர், தெரு, குலசாமி என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் அங்கேதான் நிற்பார்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "காலேஜ்ல இருந்து வந்திருக்கேன் பாட்டி, எல்லா வீட்டுக்கும் வருவேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். பொய்யாக ஒரு சாதியைச் சொல்லாதீர்கள். ஊரில் யாராவது ஒருவருக்கு உங்கள் ஊரில் சம்பந்தம் இருக்கும், மாட்டிக்கொள்வீர்கள்.

டீக்கடைல காலனிக்காரங்களுக்குத் தனி கிளாஸ் வைக்கிறதைப் பார்த்தேன். அங்கேயே கேட்டிருக்கணுமா?

கோபம் வந்தது சரி. கடையில் நின்று சண்டை போடுவது சரியில்லை. நீங்கள் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவீர்கள். அன்று ராத்திரி அதன் விலையைக் கொடுப்பவர் அந்தத் தனி கிளாஸில் குடித்தவர். அவருக்கு நாளைக்கு வேலை தருவது அதே மேலத்தெருக்காரராக இருக்கும்.

தேதி, இடம், பார்த்தது எல்லாவற்றையும் எழுதி அன்றே என்னிடம் சொல்லுங்கள். தீண்டாமை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவிலேயே ஒழிக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. எப்போது, யார் மூலம் புகார் கொடுப்பது என்பதை அந்தத் தெருக்காரர்கள் முடிவு செய்வார்கள், நாங்கள் கூட நிற்போம். இதை ரிப்போர்ட்டில் எழுதத் தயங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எழுதுங்கள், ஆனால் ஆள் பெயர் இல்லாமல்.

ஒரு பாட்டி ஓஏபி வாங்கித் தரச் சொல்லி அழுதாங்க. "வாங்கித் தர்றேன் பாட்டி"ன்னு சொல்லிட்டேன். தப்பா?

"வாங்கித் தர்றேன்" என்பது உங்கள் கையில் இல்லாத வாக்கு. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் உத்தரவு போட வேண்டும். மகன் வேலை பார்க்கிறான், சொந்த வீடு இருக்கிறது என்று பல காரணங்களில் தள்ளுபடியும் ஆகும். உங்கள் செமஸ்டர் முடிந்த பிறகும் அந்தப் பாட்டி எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து "அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு சொல்லுச்சே" என்று நிற்பார்.

உங்களால் முடிந்தது இது: "வாங்க பாட்டி, சேர்ந்து போய் மனு போடுவோம்." ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் வயதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதி மனுக்கள் அங்கேதான் சிக்கும். விண்ணப்ப எண்ணைப் பாட்டியிடம் ஒரு தாளிலும் எங்கள் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள். அந்த அட்டைகளை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். மனு போட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவசரம்னு ஐநூறு ரூபா கேட்டாங்க. என்கிட்ட இருந்துச்சு, குடுக்கலாமா? போன் நம்பரும் கேக்கிறாங்க.

பணம் வேண்டாம். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். உண்மையான அவசரம் என்றால், ஆஸ்பத்திரி மாதிரி, உடனே எனக்குப் போன் செய்யுங்கள், 108-க்கும் செய்யலாம். நம்பர் விஷயத்தில் ஆபீஸ் நம்பரைக் கொடுங்கள். முக்கியமாக, படிக்க வரும் பிள்ளைகளிடம் இன்ஸ்டாகிராம் ஐடி பரிமாற்றம் கூடாது.

போட்டோ எடுக்கலாமா? ரிப்போர்ட்ல போட்டோ இல்லைன்னா மார்க் குறைப்பாங்களே.

கேட்டுவிட்டு எடுங்கள், பெரியவர்களை மட்டும். "எடுக்கட்டுமா?" என்று கேட்கும்போதே கேமரா தூக்கிய கையோடு கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகள் இல்லத்தில் போனை வெளியே எடுக்கவே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள், வழக்கில் இருக்கும் குழந்தைகள் ஆகியோரின் அடையாளம் வெளியே தெரியும்படி எதையும் போடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டுமென்றால் பிள்ளைகள் வரைந்த கோலம், சுவரில் ஒட்டிய அட்டவணை, கிராம வரைபடம் என்று எடுங்கள். வைவாவில் அதற்குத்தான் நல்ல கேள்வி வரும்.

ஒரு பொண்ணு என்கிட்ட மட்டும் ஒரு விஷயம் சொன்னா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். இப்ப என்ன செய்யட்டும்?

அந்தச் சத்தியத்தை எப்போதும் செய்யாதீர்கள். "உன் நல்லதுக்குத் தேவைன்னா ஒரு பெரியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நீங்கள் கொடுக்கக்கூடிய வாக்கு.

அவள் சொன்னது வீட்டுச் சண்டையோ, பிடித்த பையனைப் பற்றியோ என்றால் உங்களோடு இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள ஒருவருக்குப் பாலியல் கொடுமை என்றால் ரகசியம் என்ற பேச்சே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை. "நான் வெறும் ஸ்டூடண்ட்" என்பது விலக்கு ஆகாது. அன்றே என்னிடம் வாருங்கள், சேர்ந்து செய்வோம். நான் கிடைக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அந்தப் பெண்ணிடம் நீங்களே துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், அவள் ஒருமுறை சொன்னது போதும். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயரில்லாமல்கூடப் போட வேண்டாம்.

வந்ததுல இருந்து டேட்டா என்ட்ரி மட்டும்தான் குடுக்கிறாங்க. இதுவா களப்பணி?

கொஞ்சம் அதுவும்தான். பதிவேடு எழுதாமல் எந்த நிறுவனமும் ஓடாது. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் ஊரைப் பற்றி நிறையத் தெரியும். ஆனால் வாரக் கணக்கில் அதே வேலை, அல்லது டீ வாங்கி வர, ஜெராக்ஸ் எடுக்க, இயக்குநர் வீட்டுப் பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டி வர என்று போனால் உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள். முதலில் சூப்பர்வைசரிடம் "இந்த மாசம் நாலு வீட்டுக்காவது போகணும்னு துறையில சொல்லியிருக்காங்க" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதும், ஆள் பற்றாக்குறையில் மறந்திருப்பார்கள்.

சர்டிபிகேட்டுக்கு ரெண்டாயிரம் கட்டச் சொல்றாங்க. வராமலே தர்றதாவும் சொல்றாங்க.

இது களப்பணி இல்லை, கடை. இப்படி நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. கட்டாதீர்கள், துறைத் தலைவரிடம் சொல்லி இடத்தை மாற்றிக் கேளுங்கள். பயிற்சிக்கு முன்பே ரசீதோடு வாங்கும் சாப்பாட்டுச் செலவு, தங்கும் செலவு வேறு விஷயம்.

வராத நாளுக்குக் கையெழுத்து கேட்பவர்களுக்கும் இதே பதில். "அக்கா, அஞ்சு நாள்தானே" என்பார்கள். ஈடு செய்ய ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்கு வேலை தர நான் தயார்.

வீட்ல அப்பா கிராமத்துக்கெல்லாம் போக வேண்டாங்கிறார்.

அப்பாவை ஒருநாள் ஆபீஸுக்குக் கூட்டி வாருங்கள். டீ குடித்துவிட்டு, ஊழியர்களைப் பார்த்துவிட்டு, பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அதன் பிறகும் மறுத்த அப்பாக்கள் குறைவு. எங்கள் பக்க விதிகள்: வீடு பார்க்கப் போவது இரண்டு பேராக, மாணவிகள் ஆறு மணிக்கு மேல் களத்தில் இருப்பதில்லை, திரும்பியதும் மெசேஜ் போட வேண்டும். மாணவர்களுக்கு ஏன் ஆறு மணி விதி இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசி பஸ்தான் எனக்குப் பதில், அதில் எனக்கே திருப்தி இல்லை.

நிறுவனத்துல ஒருத்தர் நடந்துக்கிறது சரியில்லை. நான் இங்க வேலை பார்க்கிறவ இல்லையே, புகார் குடுக்க முடியுமா?

முடியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வருபவரும் தன்னார்வலரும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே நிறுவனத் தலைவர் மீது என்றாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். உங்கள் கல்லூரிக் குழுவிடமும் சொல்லலாம். ஆண் மாணவர்களும் அங்கே போகலாம்.

புகார் கொடுத்தால் மார்க் போய்விடுமோ என்ற பயத்தில் செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. மூன்று மாதம் அப்படியே கரைந்துவிடும். களப்பணி மதிப்பெண்ணை இறுதி செய்வது கல்லூரி. இடம் மாற்றித் தரச் சொல்லி அன்றே கேளுங்கள், பார்த்த மணி நேரம் வீணாகாது.

இல்லத்துல வார்டன் பிள்ளைங்களை அடிக்கிறதைப் பார்த்தேன். நிறுவனத்தோட பேர் கெட்டுப் போயிடுமே?

டீக்கடை விஷயத்தில் பொறுக்கச் சொன்ன நான் இங்கே பொறுக்கச் சொல்ல மாட்டேன். குழந்தைகள் இல்லத்தில் அடிப்பது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். 1098-க்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள், பேராசிரியரிடமும் சொல்லுங்கள். எங்கள் நிறுவனம் நடத்தும் இடமாக இருந்தாலும் இதேதான்.

ரிப்போர்ட்டை சாட்ஜிபிடில எழுதலாமா? சீனியர் ரிப்போர்ட் ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்து எழுதட்டுமா?

சீனியர் ரிப்போர்ட்டைப் பாருங்கள், தலைப்புகள் எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்ள. ஊர் பெயரை மட்டும் மாற்றி வந்த ரிப்போர்ட்டில் எங்கள் ஊரில் இல்லாத ஏரியை நான் படித்திருக்கிறேன்.

சாட்ஜிபிடி எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். "மக்களின் வாழ்வாதார மேம்பாட்டில் பெண்களின் பங்களிப்பு இன்றியமையாதது" என்று இருக்கும். குழுத் தவணைக்காகத் தோட்டை அடகு வைத்த அக்கா அதில் இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு: அந்த அக்காவின் பெயரையும் கடனையும் அதில் தட்டச்சு செய்தால், மேலே சொன்ன ரகசியம் காற்றில் போய்விட்டது. எழுத்துப் பிழை பார்க்கப் பயன்படுத்துங்கள். மற்றபடி, அன்று பார்த்ததை அன்றே எழுதுங்கள்: யாரைப் பார்த்தேன், அவர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், எது தெரியவில்லை. நாலு தலைப்பு, ஒன்றரைப் பக்கம், தப்பும் தவறுமான தமிழில் இருந்தாலும் கையெழுத்துப் போடுவேன்.

கடைசி நாள் பிள்ளைங்களுக்கு சாக்லேட் வாங்கிட்டு வரலாமா? ரெகமண்டேஷன் லெட்டர் தருவீங்களா?

சாக்லேட் வாங்கலாம். ஆனால் கடைசி நாள் என்பதை அன்றைக்குச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் தேதி சொல்லி, காலண்டரில் அவர்களையே வட்டம் போடச் சொல்லுங்கள். "அடிக்கடி வருவேன்" என்று சொல்ல வேண்டாம். ஓஏபி கதைதான் இதுவும். வருவதாக இருந்தால் சொல்லாமலே வாருங்கள்.

லெட்டர் தருவேன். நீங்கள் செய்த வேலையைப் பாதிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பிப்ரவரி முடிவதற்குள் கேளுங்கள். மார்ச் முழுக்க எங்களுக்குக் கணக்கு முடிக்கும் வேலை, யார் கேட்டாலும் "அப்புறம்" என்றுதான் சொல்வேன்.